இருகரை

பரந்தன் கூட்டுறவுச் சங்க மண்டபம்.
ஒரு நாள் சம்பளத்துக்கு இன்று நான் வாய்.
பிரசெல்சில் இருந்து மூவர்,
வொஷிங்டனில் இருந்து இருவர்,
கொழும்பில் இருந்து
யாரென்று சொல்லாத ஒருவர்.

திரையில் வரைபடம்.
நடுவில் நீலமாய் அத்திலாந்திக்.
நாங்கள் வலப்பக்கத் தொங்கலில்
சுவர்வெடிப்புக்குள் விழுந்திருந்தோம்.
யாரோ மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள்.
இந்தியா வந்தது.
நாங்கள் வரவில்லை.

முதலீட்டையும் வெளிவிவகாரக் கொள்கையையும்
ஒரே திசையில் கொண்டுசெல்ல
சமுத்திரத்தின் இப்பாலும் அப்பாலும்…
நீண்ட வாக்கியம்.
எங்களுக்கு இரண்டுமே அப்பால்.
மூச்சு வாங்கி,
"இரண்டு கரையும் சேர்ந்து" என்றேன்.

தூங்கிய தலைகள் நிமிர்ந்தன.
இரணைமடுவுக்கும் இரண்டு கரை:
இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால்,
சிறுபோகத்துக்குச் சிறுபோகம் ஒரு சண்டை.
உருத்திரமூர்த்தி கையை உயர்த்தினார்.
"சேருறது நல்லது பிள்ளை.
துருசு ஆற்றை பொறுப்பிலை?"

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்று
ஆங்கிலத்தில் துவைத்துக் கொடுத்தேன்.
பிரசெல்ஸ்காரி குறித்துக்கொண்டாள்.
மிக நல்ல கேள்வி என்றாள்.
மிக நல்ல கேள்வி என்றேன்.
அதற்குமேல் மொழிபெயர்க்க
ஒன்றும் வரவில்லை.

பிறகு பத்மலோஜினி எழுந்தாள்.
தையல் ஆலையில் எட்டு வருஷம்,
மணிக்கு அறுபது இடுப்புப்பட்டி.
"வரிச்சலுகை நிக்கப்போகுதெண்டு செய்தி வந்தாலே
எங்கட லைனிலை ஓவர்டைம் நிக்குது.
தீர்மானம் கொண்டுவாங்கோ,
வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.
என்ரை புருஷன் எங்கையெண்டு கேக்கிறதும் நீங்கள்தான்,
நான் தைக்கிற காற்சட்டையை வாங்கிறதும் நீங்கள்தான்.
இரண்டையும் ஒரே மேசையிலை வைச்சுக் கதையுங்கோ.
ஒண்டைக் காட்டி மற்றதை வெட்டாதேங்கோ."

ஆங்கிலத்துக்குப் போகிற வழியில்
புருஷன் என்ற இடத்தில் தடக்கி நின்றேன்.
இருக்கிறாரா, இருந்தாரா
என்று கேட்டது அந்த மொழி.
நிகழ்காலம் போட்டேன்.

தேநீர் நேரம். கொழும்புக்காரர்
வாய்ப்பனைப் பிய்த்தபடி என் பெயரைக் கேட்டார்.
பிறகு ஊரை. பிறகு முந்தின ஊரை.

கைபேசியில் பதினொரு குரற்பதிவு.
ஸ்காபரோவில் மூத்தண்ணா, லாச்சப்பலில் சின்னண்ணா.
ஒரு கலியாணவீட்டில் முறிந்து
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
ஆனாலும் விசுவமடுக் கிணற்றுக்குத்
தண்ணி மோட்டர் இருவர் காசு.
ஜப்பான் என்கிறார் ஒருவர்,
இத்தாலி இல்லையென்றால் சல்லி இல்லை என்கிறார் மற்றவர்.
"அவனிட்டைச் சொல்லு."
"அவரிட்டைச் சொல்லு."
வசவைக் களைந்து
தொகையை மட்டும் கடத்துகிறேன்.
என் கணக்கில் அத்திலாந்திக்
ஒரு தங்கச்சியின் தொண்டை அகலம்.

மாலையில் கூட்டறிக்கையின் நகல்.
உள்ளூர்ச் சமூகங்கள் என்று நாலு இடத்தில் இருந்தது.
இடுப்புப்பட்டி ஓரிடத்திலும் இல்லை.
துருசு, பொறுப்புக்கூறல் ஆகியிருந்தது.
பிழை சொல்ல ஏலாது,
அந்தச் சொல்லைக் கொடுத்தவள் நான்.

வாகனங்கள் ஏ-ஒன்பதில் தெற்கே திரும்பின.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உருத்திரமூர்த்தி வந்தார்.
"என்ன பிள்ளை, துறப்பினமோ?"
"அறிக்கை அனுப்புவினமாம்."
"எந்தக் கரைக்கு?"

சம்பள உறையில் கையெழுத்து வைத்துவிட்டு
கிளிநொச்சிக் கடையில் இறங்கி
இந்திய மோட்டர் ஒன்றுக்கு முற்பணம் கட்டினேன்.
அண்ணன்மார் இருவருக்கும்
இன்னும் சொல்லவில்லை.